லல்லா நிற்கும் இடம்

பாஸ்ஸூவின் கோவேறு கழுதை செத்துப் புதைக்கப்பட்ட பிறகு, அவன் எடுத்த எல்லாப் படங்களிலும் வந்து நின்றது. அந்த வருடம் அக்ரூட் நன்றாகக் காய்த்தது, கம்பளி விலை இறங்கியது, அயித் உஸ்ரு கிராமத்தில் இரண்டு கல்யாணங்கள் நடந்தன. இரண்டு கல்யாணப் படங்களிலும் மணமக்களுக்குப் பின்னால், தலைப்பாகை கட்டிய பெரியவர்களுக்கு நடுவில், சாம்பல் நிறத்தில், இடது காதின் நுனி கிழிந்த ஒரு கோவேறு கழுதை கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் மலையில் கல்யாணத்துக்கு அழைக்காதவர்கள் வருவது சகஜம், வந்தவர்களுக்குக் குஸ்குஸ் போடாமல் அனுப்புவதும் கிடையாது. அதன் பிறகு ஒரு ஆட்டுக்காரன் அடையாள அட்டைக்காகப் படம் எடுக்க வந்தான். அந்தப் படத்தில் அவன் தோளுக்கு மேலே அதே கிழிந்த காது எட்டிப் பார்த்தது. "இது நம்ம லல்லா இல்ல?" என்று அவன்தான் முதலில் கேட்டான்.

லல்லா என்பது மதிப்புக்குரிய பெண்களுக்கு நாங்கள் வைத்து அழைக்கும் பட்டம். கழுதைக்கு அது கிடைத்தது இப்படித்தான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் பாஸ்ஸூ சமவெளிக்குப் போய், மூன்று காலும் கறுப்புத் துணியுமாக ஒரு பெரிய மரப்பெட்டிக் கேமராவை வாங்கி வந்தான். திரும்பும் வழியில் கணவாய் உச்சியில் பனி பிடித்துக்கொண்டது. ஸீதி வக்கா என்ற மகானின் கல்லறை இருக்கும் இடத்துக்கு வந்ததும் கழுதை கேமராவோடு அப்படியே படுத்துவிட்டது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் குச்சியை எடுத்திருப்பான். பாஸ்ஸூ கெஞ்சினான், வாலைப் பிடித்து இழுத்தான், தன் மதிய ரொட்டியைக் கொடுத்தான். ரொட்டியைத் தின்றுவிட்டு அது படுத்தே கிடந்தது. கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் ஸாயித் தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தான். கடைசியில் பாஸ்ஸூ கல்லறைச் சுவரில் கையை வைத்துக் இனித் தான் எடுக்கும் படத்தில் எல்லாம் அது நிற்கும் என்று கழுதைக்குச் சத்தியம் செய்து கொடுத்தான். அவன் சொல்லி முடிப்பதற்குள், விலை படிந்த வியாபாரியைப் போல அது எழுந்து நடந்தது. மகானின் சுவரில் சத்தியம் வாங்கியதை வெறும் கழுதை என்று சொல்ல முடியாதென்று ஊர் அன்றிலிருந்து அதை லல்லா என்று அழைத்தது.

எங்கள் பக்கத்தில் வயல் வரப்புச் சண்டையானாலும் தண்ணீர் முறைச் சண்டையானாலும் காணாமல் போன செம்மறியானாலும் எல்லாம் ஸீதி வக்காவின் சுவரில் கை வைத்தால் தீர்ந்துவிடும். அங்கே சொன்னது சொன்னதுதான். பச்சைப் பிள்ளைக்குச் சொன்னாலும் நிற்கும், எதிரிக்குச் சொன்னாலும் நிற்கும். கழுதைக்குச் சொல்லக் கூடாது என்று யாரும் விதி வைக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒருவன் சொல்லுவான் என்று யாருக்கும் தோன்றவில்லை. பனி உருகிய மாதத்தில் லல்லா ஈரப் பார்லியைத் தின்று வயிறு உப்பிச் செத்தது. கணவாயில் தன் உயிரைக் காப்பாற்றியதற்காக பாஸ்ஸூ அதை அக்ரூட் மரத்தடியில் புதைத்தான். அது இருந்த கொட்டடியைக் கழுவி, சன்னலை அடைத்து, சிவப்புத் துணி சுற்றிய லாந்தரை மாட்டி, படம் கழுவும் அறையாக்கிக்கொண்டான். இனி வெறும் தொழில்தான், வேறு தொல்லை இல்லை என்று நினைத்தான் பாவம்.

அரசாங்கம் எல்லோருக்கும் அடையாள அட்டை என்று அறிவித்திருந்த சமயம் அது. நல்ல தொழிலாளிக்கு நல்ல பருவம் என்று பாஸ்ஸூ கொட்டடி வாசலில் வெள்ளைத் துணி கட்டி ஸ்டூல் போட்டான். லல்லா வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்றது. வீட்டுக் கூரையில் ஏற்றி எடுத்தான், கூரையிலும் நின்றது. ஆள் குனிந்துதான் நுழைய முடிகிற தானியக் கிடங்குக்குள் வைத்து எடுத்தபோது, அதுவும் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. கடைசியில் ஆத்திரம் தாங்காமல் ஒருவனைப் பாறை விளிம்பில், முதுகுக்குப் பின்னால் வெறும் ஆகாயம் மட்டும் இருக்கும்படி உட்கார வைத்து எடுத்தான். படத்தில் லல்லா அந்தப் பள்ளத்தின் மேல் அந்தரத்தில், நான்கு கால்களும் கீழே தொங்க, சலனமே இல்லாத முகத்தோடு இருந்தது. படத்தைப் பார்த்த அந்த ஆள் அதற்குப் பிறகு விளிம்புப் பக்கம் ஆடு மேய்க்கப் போவதை விட்டுவிட்டான்.

கீழே நகரத்து அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா படங்களைக் கொத்தாகத் திருப்பி அனுப்பினார். "ஒரு அட்டைக்கு ஒரு முகம்தான்யா. ரெண்டு பேருக்குச் சேர்த்துக் கொடுக்க வழியில்ல," என்றாராம். எங்கள் ஆட்கள் நகரத்திலேயே வேறு ஆளிடம் படம் எடுத்து அட்டை வாங்கினார்கள். நடக்க முடியாதவர்களும் சோம்பேறிகளும் பாஸ்ஸூவிடமே வந்தார்கள். குமாஸ்தா சில வருடங்களில் களைத்துப்போய், கழுதையின் காது மட்டும் தெரிந்தால் பரவாயில்லை என்று விட்டுவிட்டார். படத்தில் காதைப் பார்த்ததுமே "அயித் உஸ்ருவா?" என்று கேட்டு முத்திரை குத்தப் பழகிக்கொண்டார்.

லல்லாவால் சில உபகாரமும் இருந்தது. குளிர் நெருங்கும்போது படத்தில் அதற்கு ரோமம் அடர்ந்துவிடும், இளவேனிலில் கொத்துக் கொத்தாக உதிரும். கணவாயில் பனி விழுந்தால் இங்கே வெயிலில் எடுத்த படத்திலும் அதன் முதுகில் பனி இருக்கும். மந்தையை மேலே ஓட்டுவதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள ஆட்டுக்காரர்கள் பாஸ்ஸூவின் கொட்டடிக்கு வந்து, கயிற்றில் காயப்போட்ட புதுப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை நன்றிகூடச் சொல்லாமல் போனார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு கல்யாணத்துக்கு நகரத்து ஆள் வந்து கழுதை இல்லாமல் படம் எடுத்தான், அந்தத் தம்பதி அறுவடைக்குள் பிரிந்துவிட்டார்கள். அன்றிலிருந்து லல்லா நிற்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று ஆனது. பாஸ்ஸூவுக்கு வேலை குவிந்தது. ஆனால் ஒரு படத்திலாவது அவன் காத்திருந்து பிடித்த வெளிச்சத்தையோ, முக்காட்டுக்குள் சிரித்த மணப்பெண்ணின் உதட்டையோ யாரும் பார்த்தார்களா என்றால் இல்லை. படம் கைக்கு வந்ததும், "லல்லா எங்க நிக்கறா? ஓ, பொண்ணு பக்கமா?" என்று கேட்டுவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்கள். அவனுக்கு அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

எங்கள் ஊர்த்தலைவர், நாங்கள் அம்கார் என்று அழைக்கும் பென்னாஸெர், கொஞ்சம் குள்ளமானவர். அவர் படத்தில் லல்லா அவரைவிட ஒரு முழம் உயரமாக வலது பக்கம் நின்றது. மறு வருடம் அவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று எடுத்துக்கொண்டார். படத்தில் லல்லா கழுத்தை நிமிர்த்தியிருந்தது. "பாஸ்ஸூ, இந்த ஊருக்கு நான் அம்காரா, அவ அம்காரா?" என்று கேட்டார். "நீங்கதாங்க. ஆனா படத்துல நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க," என்றான் பாஸ்ஸூ. அந்த வாக்கியத்தை அவன் வருடத்துக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பான்.

இதற்கு நடுவில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆனது. மனைவி இத்தோ, கீழ்க் கிராமத்து ஹத்தூவின் மகள், நாக்கில் நெருப்பு வைத்திருப்பவள். பாஸ்ஸூவுக்குத் தன் கேமராவை வேறு ஒருவர் தொட்டால் பொறுக்காது. தன் கல்யாணப் படத்தையும் தானே எடுத்தான். கேமராவின் விசையில் நீளக் கயிறு கட்டி, நுனியை ஜெல்லாபா அங்கிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, மணமகளோடு உட்கார்ந்து இழுத்தான். லல்லா இருவருக்கும் நடுவில், இரண்டு தலைகளுக்கும் மேலே முகத்தை நீட்டிக்கொண்டு நின்றது. இத்தோ படத்தைப் பார்த்தாள். "ஏற்கெனவே ஒருத்தி இருக்கான்னு எங்கப்பாகிட்ட நீ சொல்லவேயில்லயே," என்றாள். அன்று முதல் அவள் வாயில் அது லல்லா இல்லை, சக்களத்தி. கல்யாணத்துக்கு அடுத்த வருடம், மகள் தாமூ பிறந்த வருடம், தாமூ நடந்த வருடம், வெள்ளம் வந்த வருடம் என்று அவர்கள் கயிறு கட்டி எடுத்த படங்கள் சுவரில் வரிசையாக ஏறின. எல்லாவற்றிலும் சக்களத்தி நடுவில் நின்றாள். "நகரு நகரு, அவளுக்கு இடம் விடு. இல்லன்னா என் தலை மேல நிப்பா," என்று சொல்லி இத்தோ உட்காரும்போதே தள்ளி உட்காரப் பழகிவிட்டாள். பாஸ்ஸூவும் மறுபக்கம் தள்ளி உட்காருவான். சிரித்துக்கொண்டுதான் எல்லாம் நடந்தது. பெண்டாட்டி சிரிக்கும்வரை எதுவும் கெட்டுப்போகவில்லை என்று நினைப்பது ஆண்பிள்ளைகளின் பொதுவான முட்டாள்தனம்.

தாமூவைக் கடற்கரைப் பட்டணத்தில் கட்டிக் கொடுத்தார்கள். போகும்போது அப்பா அம்மா சேர்ந்திருக்கும் படம் ஒன்று கேட்டாள். அவசரத்தில் பாஸ்ஸூ கயிறு கட்டி எடுத்தான். அந்த ஒரு படத்தில் மட்டும் லல்லா நடுவில் நிற்காமல் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டது. பாஸ்ஸூ முழுதாகத் தெரிந்தான். இத்தோ இருந்த இடத்தில் லல்லாவின் முகம் இருந்தது, அதன் கழுத்துக்குக் கீழே இத்தோவின் மருதாணி போட்ட கை மட்டும் வெளியே தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் தாமூ அதையே எடுத்துக்கொண்டு போனாள். பட்டணத்தில் சம்பந்தியம்மாள் படத்தை வாங்கிப் பார்த்து, "இது உங்கப்பான்னு தெரியுது. இதுதான் உங்கம்மாவா?" என்று கேட்டு, அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாளாம். பெருநாளைக்கு வந்த தாமூ இதை ஒளிக்கத் தெரியாமல் சொல்லிவிட்டாள்.

இத்தோ கத்தவில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்த கையைக் கழுவினாள். "இத்தனை வருஷத்துல உன் கையால என் முகத்த ஒழுங்கா ஒரு படம் எடுத்ததில்ல நீ. ஊர்ல உள்ள கிழவன், நொண்டி, திருடன் எல்லாருக்கும் படம் இருக்கு. எனக்கு இருக்கறது ஒரு கழுதையோட படம், அதுல நான் கூட நிக்கறேன்," என்றாள். அவன் வழக்கமான வாக்கியத்தை ஆரம்பித்தான். "நான் ஒண்ணும் பண்ண—" "தெரியும். உன்னால ஒண்ணும் முடியாது. நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கற படம் ஒண்ணு கொண்டா, வர்றேன். இல்லன்னா அவகூடயே குடும்பம் நடத்து." முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்பன் வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

எங்களில் கோபித்துப் போன மனைவியை அழைத்து வர ஒரு முறை இருக்கிறது. புருஷன் பெரிய மனிதர்களோடு, கூம்பாக வார்த்த சர்க்கரைக் கட்டி எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போய், தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அவள் குடித்தால் சமாதானம், குடிக்காமல் வைத்தால் இல்லை. பாஸ்ஸூ போனான். இத்தோ கோப்பையை வாங்கி, முன்னால் வைத்து, ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் ஹத்தூவுக்கே பாவமாகிவிட்டது. "மாப்ள, எனக்கு உங்கமேல ஒரு வருத்தமும் இல்ல. ஆனா படம் இல்லாம வராதீங்க, சர்க்கரைதான் வீணாகுது," என்றார். பாஸ்ஸூ திரும்பி வந்து தானே கஞ்சி காய்ச்சி அடிப்பிடிக்க வைத்தான். வீட்டில் பேச்சுக்குரல் இல்லாமல் போனது அவனைத் தின்றது. கொட்டடிக்குள் போய், காய்ந்துகொண்டிருந்த படங்களில் இருந்த லல்லாவைப் பார்த்து, "அம்மா தாயே, ஒரே ஒரு படம். ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போய் நில்லேன்," என்று கெஞ்சினான். கணவாயில் கெஞ்சியதைவிட அதிகமாகவே கெஞ்சினான், கொடுப்பதற்குத்தான் இப்போது ரொட்டியில்லை.

கடைசியில் ஊர்க்கூட்டத்துக்குப் போனான். சத்தியத்திலிருந்து விடுதலை வேண்டும் என்று கேட்டான். கூட்டத்தில் ஸாயித்தை வரவழைத்து, சொன்ன சத்தியத்தை எழுத்துப் பிசகாமல் சொல்ல வைத்தார்கள், அது முறை. பிறகு அம்கார் பென்னாஸெர் சட்டத்தைச் சொன்னார். சத்தியத்தைத் தளர்த்துகிற உரிமை அதை வாங்கிக்கொண்டவருக்கு மட்டும்தான். அவர் செத்திருந்தால் வாரிசுக்கு.

"கோவேறு கழுதைக்கு ஏதுங்க வாரிசு?" என்று ஒருவர் கேட்டார். "குதிரைக்கும் கழுதைக்கும் பொறந்தது. அதுக்குப் பொறக்காதே."

"அப்போ?"

"அப்போ இல்ல."

பாஸ்ஸூ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். வாரிசு இல்லாத கடனை எங்கே போய்க் கட்டுவது என்று அவனுக்கு விளங்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துப் பொறுக்காமல்தானோ என்னவோ, பிள்ளையில்லாமல் செத்தவர் சொத்து தாய்க்குப் போகும் என்று அம்காரே ஒரு வழி கண்டுபிடித்தார். லல்லாவைப் பெற்ற குதிரை மேல்சரிவில் விதவை ராபஹாவிடம் இன்னும் இருந்தது. கண் மங்கி, பல் கொட்டி, நிற்கும்போதே தூங்குகிற கிழட்டுக் குதிரை. தகப்பன் கழுதை யாரென்று யாருக்கும் தெரியாததால் அந்தப் பங்கைக் கூட்டம் கண்டுகொள்ளவில்லை. சத்தியம் செய்தவன் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டால் விடுவித்ததாக அர்த்தம். பாஸ்ஸூ பார்லியை உள்ளங்கையில் ஏந்தினான், குதிரை தின்றது. "அது யார் கையில கொடுத்தாலும் திங்கும். நேத்து என் முக்காட்டையே தின்னுச்சு. இத ஒரு சாட்சின்னு எடுத்துக்கறீங்களா?" என்றாள் ராபஹா. ஆனால் கூட்டத்தார் முடிந்தது முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள். சோதித்துப் பார்க்க பாஸ்ஸூ குதிரையையும் ராபஹாவையும் சேர்த்து ஒரு படம் எடுத்தான்.

கழுவிப் பார்த்தபோது லல்லா இருந்தது. முதல் முறையாக அது கேமராவைப் பார்க்கவில்லை. கிழட்டுக் குதிரையின் கழுத்தில் தாடையை வைத்துக் கண்ணை மூடியிருந்தது. பாஸ்ஸூ தன் வாழ்நாளில் எடுத்ததிலேயே அழகான படம் அதுதான், அவனுக்கே அது தெரிந்தது. கொண்டுபோய்க் காட்டியதும் ராபஹா அதை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு திருப்பித் தர மறுத்துவிட்டாள். அன்று சரிவில் இறங்கி வரும்போது பாஸ்ஸூ அழுதான். படம் நன்றாக வந்ததற்காக அழுதானா, இத்தோ வரமாட்டாள் என்பதற்காக அழுதானா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

சத்தியத்துக்கு வழியில்லை என்று இத்தோவிடம் நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று, அம்காரையும் ஸாயித்தையும் கூட்டிக்கொண்டு, கேமராவையும் முதுகில் கட்டிக்கொண்டு அவன் மறுபடி ஹத்தூ வீட்டுக்குப் போனான். கேமரா எதற்கு என்று கேட்டால், வெறும் வீட்டில் அதைத் தனியாக விட மனம் வரவில்லை என்றான். முற்றத்தில் கம்பளம் விரித்து உட்கார வைத்தார்கள். தேநீர் ஊற்றினான். இத்தோ கோப்பையைத் தொடவில்லை.

"வாரிசு கிடையாதும்மா," என்றார் அம்கார். "நாங்க பாக்காத வழியில்ல. ஸாயித் இருக்கான், கேட்டுக்க."

"அப்படி என்னதான் சத்தியம் பண்ணினார்? எல்லாப் படத்துலயும் நீ நிப்பன்னு சொன்னேன்னு மட்டும்தான் எங்கிட்ட சொல்லியிருக்கார்."

ஸாயித் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்தில் சொன்னதைப் போலவே கண்ணை மூடிச் சொன்னான். "'ஸீதி வக்கா சாட்சியா, நீ இப்ப எழுந்து நடந்தா, இனிமே என் கையால நான் எடுக்கற ஒவ்வொரு படத்துலயும் நீ நிப்ப.' அவ்வளவுதான்மா."

"என் கையாலன்னா சொன்னார்?"

"ஆமா. சுவத்துல வச்ச கைதானே."

இத்தோ எழுந்தாள். "உங்க கூட்டத்துல இத்தன தாடி இருந்துச்சே, ஒருத்தருக்கும் காது இல்லயா? அவர் கையாலதானே எடுத்தா வருவா? என் கையில என்ன குறைச்சல்?"

அம்கார் தாடியைத் தடவினார். பாஸ்ஸூவுக்கு ஒரே சமயத்தில் சந்தோஷமும் பயமும் வந்தது. கேமராவை வேறு கை தொட விட்டதே இல்லையே. ஆனாலும் அவனே மூன்று காலையும் நட்டு, துணிக்குள் தலையை விட்டுத் தூரம் பார்த்து, கயிற்றைக் கட்டி நுனியை அவள் உள்ளங்கையில் வைத்தான். இருவரும் கம்பளத்தில் போய் உட்கார்ந்தார்கள். "அசையாதீங்க," என்று தொழில்காரியைப் போலச் சொல்லிவிட்டு இத்தோ இழுத்தாள். படம் கழுவுவது எடுப்பதில் சேருமா என்று ஹத்தூ ஒரு சந்தேகம் கிளப்பினார். மாவு அரைப்பது விதைப்பதில் சேராது என்று அம்கார் தீர்ப்புச் சொன்னார்.

படம் பார்க்க மட்டும்தான் வருகிறேன், தேநீர் குடித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு இத்தோ மேல் கிராமத்துக்கு வந்தாள். கொட்டடிக்குள் அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். சிவப்பு வெளிச்சத்தில், தட்டுத் தண்ணீருக்குள் முதலில் கம்பளத்தின் கோடுகள் வந்தன, பிறகு அவன் தலைப்பாகை, பிறகு அவள் முகம். முழு முகம். மோவாயில் பச்சை குத்திய புள்ளிகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. பின்னால் ஹத்தூவின் வெறும் சுவர். காது இல்லை, கால் இல்லை, ஒரு ரோமம்கூட இல்லை.

பாஸ்ஸூ மூச்சை விட்டான். "கிடைச்சிருச்சு, இத்தோ. நாம ரெண்டு பேர் மட்டும்."

அவள் படத்தைத் தண்ணீரிலிருந்து இரண்டு விரலால் தூக்கி லாந்தர் பக்கம் பிடித்தாள். கம்பளத்தின் ஒரு ஓரத்தில் அவன் உட்கார்ந்திருந்தான், மறு ஓரத்தில் அவள். நடுவில் ஒரு கோவேறு கழுதை தாராளமாக நிற்கும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. இருவர் தோளும் அந்த இடத்தை உரசாமல் விலகி, கழுத்தும் அதற்காகவே கொஞ்சம் சாய்ந்து இருந்தன. யார் பார்த்தாலும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முன்பின் தெரியாத இரண்டு பேர் என்றுதான் சொல்வார்கள்.

"ஏன் இவ்வளவு தள்ளி உக்காந்த?" என்றாள்.

"நீயும்தானே தள்ளி உக்காந்த."

"பழக்கம்."

"எனக்கும்."

தனக்குப் பக்கத்தில் இத்தோ அழுகிறாள் என்று அவனுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து தன் மனைவி அழுது அவன் பார்த்தது அதுவரை தாமூவை வண்டி ஏற்றியபோது மட்டும்தான். "வேணும்னா கிட்ட உக்காந்து இன்னொண்ணு எடுக்கலாம். நீயே இழு," என்றான்.

அவள் முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். படத்தைக் காயப்போடாமல் தட்டிலேயே திரும்பவும் போட்டாள். "வேணாம். போய்க் கேமராவ எடு, கயித்த உன் கையில வச்சுக்க. அவ எங்கயோ வெளியில நிக்கறா, பாவம், குளிரும்."

வெளிச்சம் இறங்குவதற்குள் அக்ரூட் மரத்தடியில் கம்பளம் விரித்து எடுத்தார்கள். இருவரும் வழக்கம்போல் தள்ளி உட்கார்ந்தார்கள். பாஸ்ஸூ தன் கையால் இழுத்தான். அவன் கழுவிக்கொண்டிருந்தபோது இத்தோ அடுப்பை மூட்டச் சொல்லி, அவன் கையாலேயே தேநீர் ஊற்றச் சொல்லி, கொட்டடி வாசற்படியில் உட்கார்ந்து குடித்தாள். சர்க்கரை போதவில்லை என்றாள். படத்தில் லல்லா நடுவில் நின்றது. முதுகில் கொஞ்சம் பனி இருந்தது, ஆகவே மறுநாள் ஆட்டுக்காரர்கள் மந்தையை மேலே ஓட்டவில்லை. முன்னைப்போல முகத்தை நீட்டாமல் அரை எட்டுப் பின்னால் நகர்ந்திருந்ததால் இத்தோவின் முகம் முழுதாகத் தெரிந்தது. அதைத் தாமூவுக்கு அனுப்பினார்கள். பட்டணத்தில் சம்பந்தியம்மாள் கேட்டதற்கு, "இது எங்கப்பா, இது எங்கம்மா, இது லல்லா," என்று தாமூ விரல் வைத்துக் காட்டினாளாம். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அடையாள அட்டைப் படங்களை இத்தோ எடுக்கிறாள், கல்யாணப் படங்களை பாஸ்ஸூ எடுக்கிறான். காது இல்லாத படங்களைப் பார்த்து நகரத்துக் குமாஸ்தா ஒரு மாதம் சந்தேகப்பட்டு, எங்கள் ஆட்களிடம் நீங்கள் உண்மையிலேயே அயித் உஸ்ருதானா என்று விசாரித்தார். பாஸ்ஸூ கேமராவை வெளியே எடுக்கும் நாளெல்லாம் இத்தோ கொட்டடியின் பழைய தொட்டியில் ஒரு கைப்பிடி பார்லி போட்டு வைப்பாள், ஈரமில்லாமல் வெயிலில் காய்ந்ததாகப் பார்த்து. சாயங்காலம் தொட்டி காலியாக இருக்கும். மழை பொய்த்து பார்லி விலை ஏறிய வருடமும் அவள் கைப்பிடியைக் குறைக்கவில்லை.